உதறிய கை

கேள்வி:

மிஸ், எனக்கு 28 வயது. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னோடு உயர்தரம் வரை ஒன்றாகப் படித்த பெண் ஒருத்தியும் நானும் ஆறு வருடங்களாக ஒருவரையொருவர் நேசிக்கிறோம். அவள் கொழும்பில், புறக்கோட்டையில் உள்ள ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இரு வீட்டாருக்கும் நாங்கள் சிநேகிதிகள் மட்டுமே. "கூடப்பிறந்ததுக மாதிரி" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். கொழும்புக்குப் போனால் காலிமுகத்திடலில் கைகோர்த்து நடப்போம். ஊருக்கு வரும்போது பஸ்ஸில் ஒரே சால்வைக்குள் கையைப் பிடித்தபடி வருவோம். கினிகத்தேனை தாண்டியதும் என் கை என்னை அறியாமலே வெளியே வந்துவிடும். "மேல ஏறினா நீ வேற ஆளு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். இம்முறை தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். எதிரே என் வகுப்புப் பிள்ளையும் அவனுடைய அப்பாவும் நின்றார்கள். நான் உதறிய வேகத்தில், சற்று முன் கடையில் நானே வாங்கிப் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் உடைந்து அவள் மணிக்கட்டில் இரத்தம் வந்துவிட்டது. "ஒனக்கு அறிவில்லையா? இது கொழும்பு இல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டேன். மூன்று வாரமாக அவள் "சாப்பிட்டியா" என்று மட்டும் மெசேஜ் அனுப்புகிறாள். நான் "ம்" என்று பதில் போடுகிறேன். நான் கோழையா, மிஸ்? என் அன்பு பொய்யா? அடுத்த திருவிழாவில் எல்லோர் முன்னிலையிலும் அவள் கையைப் பிடித்தால்தான் இது சரியாகுமா? இதற்கிடையில் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். மருந்து, ஆலோசனை என்று எதனாலும் நான் மாற முடியுமா என்றுகூட யோசிக்கிறேன்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கோழை இல்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு உங்களை அனுப்பிவிடவும் எனக்கு மனமில்லை. அன்று மாலை நடந்தவை இரண்டு. கையை உதறியது ஒன்று, உதறிய பின் சொன்னது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மூன்று வாரமாகச் சுமக்கிறீர்கள். அவற்றை நான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் ஒன்றுக்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல, மற்றொன்றுக்குப் பொறுப்பாளிதான்.

முதலில் கை. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில் நான் கொழும்பில் படித்தபோது, பஸ்ஸில் ஏறுமுன் நெற்றிப் பொட்டை விரலால் துடைத்துவிடுவது எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பழக்கம். சோதனைச் சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே விரல் நெற்றிக்குப் போய்விடும். அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். எங்களை யாராவது கோழைகள் என்றோ, தமிழை வெறுப்பவர்கள் என்றோ சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை உடல் படித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் கை கினிகத்தேனையில் சால்வையை விட்டு வெளியே வருவதும் அப்படிப் படித்து வந்த பழக்கமே. குளிர் தொடங்கும் இடத்தில், ஊர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறத் தொடங்கும் இடத்தில், நீங்கள் யோசித்து முடிவெடுக்கும் முன்பே உடல் முடிவெடுத்துவிடுகிறது.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. பெண்களை நேசிக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ந்த வர்ஜீனியா புரூக்ஸ் 1981இல் இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்ற பொருளில் எழுதினார். பின்னர் 1995இலும் 2003இலும் இலான் மேயர் என்ற ஆய்வாளர் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். எல்லோருக்கும் இருக்கும் சம்பளக் கவலை, வீட்டுக் கவலை, நோய் நொடிக்கு மேலதிகமாக, சமூகம் ஏற்காத ஓர் அடையாளத்தைச் சுமப்பவர் அந்த அடையாளத்துக்காகவே தனியாக ஒரு பாரத்தையும் சுமக்கிறார் என்பதே அவர்கள் சொல்லியதன் சாரம். அந்தப் பாரம் வெறும் ஏச்சுப் பேச்சும் அடி உதையும் மட்டுமல்ல. யாரும் எதுவும் செய்யாத நாளிலும் 'யாராவது எதாவது செய்துவிடுவார்களோ' என்று காத்திருப்பதும், மறைப்பதும், ஊர் சொல்வதை நாமே நம்மைப் பற்றி நம்பத் தொடங்குவதும் அதற்குள் அடக்கம். உங்கள் கடிதத்தில் யாரும் உங்களைத் திட்டியதாக ஒரு வரிகூட இல்லை. இருந்தும் பக்கம் முழுவதும் பயம். அந்தக் காத்திருப்புத்தான் உங்களைத் தின்கிறது. 'என் அன்பு பொய்யா' என்ற கேள்வியும் உங்களுக்குள் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஊர் கேட்கக்கூடிய கேள்வியை ஊருக்கு முந்தி நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் திருமணமான 16 பெண்களை மூளைப் படம் எடுக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, சிறிய மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். கணவனின் கையைப் பிடித்திருந்தபோது, தனியாக இருந்தபோதையும் அந்நியர் ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோதையும் விட மூளையின் அச்ச எதிர்வினை தணிந்திருந்தது. உறவு நன்றாக இருந்தவர்களில் அது இன்னும் கூடுதலாகத் தணிந்தது. கை என்பது அச்சத்தை ஆற்றுவதற்கு நமக்குக் கிடைத்த மிக மலிவான மருந்து. உங்கள் இருவருக்கும் நேர்ந்திருப்பது என்னவென்றால், அந்த மருந்தே அபாயமணியாக மாறிவிட்டது. பயம் வரும்போது பிடிக்க வேண்டிய கையைப் பயம் வந்ததனால் விடவேண்டியிருக்கிறது. இந்தக் கொடுமையை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஒரு கைதானே' என்று யாராவது சொன்னால் அவருக்கு அது ஒருபோதும் தடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தத் தேர்க்கூட்டத்தில் எத்தனை பெண்கள் கைகோர்த்திருந்தார்கள் என்று கவனித்தீர்களா? நான் பார்த்த திருவிழாக்களில் பாதிப் பேராவது கோர்த்திருப்பார்கள். மச்சாள் மச்சாளின் கையை, அக்கா தங்கச்சியின் கையை, கொழுந்து பறிக்கும் மலையில் ஒன்றாக நிற்பவர்கள் ஒருவர் கையை மற்றவர், தொலைந்துவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டுதான் தேர் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிவிடுவதையோ, ஒரே பாயில் படுத்துக்கொள்வதையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்பிள்ளைகளும் தோளில் கை போட்டுக்கொண்டு டவுனைச் சுற்றுகிறார்கள். ஆகவே அந்தப் பிள்ளையின் அப்பா கண்டது பெரும்பாலும் டீச்சரும் அவருடைய சிநேகிதியும் என்பதாகவே இருந்திருக்கும். அவர் பார்வையை எதாவது இழுத்திருந்தால், அது உடைந்த வளையலின் சத்தமாகத்தான் இருக்கும். இதைச் சொல்வது உங்களைக் குறை கூறுவதற்காக அல்ல. அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் உங்கள் கை கனத்தது. அந்தக் கூட்டத்தில் எல்லாப் பெண்களும் இலேசாகப் பிடித்திருந்த கையை நீங்கள் இருவர் மட்டும் இலேசாகப் பிடிக்க முடியவில்லை.

சிநேகிதிகள் என்ற இந்தப் போர்வை காக்கவும் செய்கிறது, காயப்படுத்தவும் செய்கிறது. 'கூடப்பிறந்ததுக மாதிரி' என்ற சொல் உங்களைக் காப்பாற்றுகிறது, அதே சொல் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஆறு வருடங்களை அழிக்கிறது. இந்த அளவு போர்வைகூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நடையிலும் குரலிலும் பெண்மை தெரியும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கை பிடிப்பதற்கு முன்பே, டவுனில் இறங்கி நடப்பதே சோதனையாக இருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே நமக்குப் பொருத்த நான் தயங்குவதுண்டு. கனடாவில் கரேன் பிளேயர் என்ற உளவியலாளர், ஒரே பாலினச் சோடிகள் பொதுவெளியில் அன்பைக் காட்ட மற்றவர்களைப் போலவே விரும்பியும் குறைவாகவே காட்டுகிறார்கள், காட்டும்போதும் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் இத்தகைய ஆய்வுகளைப் படித்துவிட்டு ஆலோசனை சொல்பவர்கள் 'வெளியே முடியாவிட்டால் வீட்டுக்குள் ஈடுசெய்யுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது தோட்ட லயத்தில், 10க்கு 12 அடிக் காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில். பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். லயத்தில் 'வெளியே', 'உள்ளே' என்ற பிரிவே சரியாகக் கிடையாது. நீங்கள் இருவரும் தனியாக இருக்க நினைத்தாலும் கதவைச் சாத்தியதற்கே காரணம் சொல்ல வேண்டும். அதனால் உங்களுக்குப் பூட்டிய அறை என்பது கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸின் இரண்டு இருக்கைகள்தான். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அரச பாடசாலை ஆசிரியை ஒருவரின் பயத்தில் பெயர் போடாமல் எழுதும் மொட்டைப் பெட்டிசமும் வலயக் கல்வி அலுவலகமும் இல்லாமலிருக்காது என்பதால் சொல்கிறேன். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, 'பாரதூரமான அநாகரிகச் செயல்' புரிவோருக்கு இரண்டு வருடம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம் என்கிறது. முதலில் அது ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் திருத்தியபோது 'ஆண்' என்ற சொல்லை எடுத்து 'எந்த நபரும்' என்று போட்டுப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். அந்தச் செயல் என்ன என்பதற்கு அங்கே வரைவிலக்கணம் இல்லை. கை பிடிப்பது என்ற சொல்லும் அங்கே இல்லை. ஒரு சட்டம் இப்படித் தெளிவில்லாமல் இருக்கும்போதுதான் அதன் நிழல் நீளமாக விழுகிறது. 2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழு, ரொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இந்தச் சட்டம் பெண்களின் உரிமைகளை மீறுகிறது என்று முடிவு செய்தது. 2023இல் இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. ஆனாலும் அது சட்டமாகவில்லை. இரண்டு பெண்கள் சால்வைக்குள் கைகோர்த்து உட்கார்ந்திருப்பதற்காக யாராவது உங்களை மிரட்டினால், பணம் கேட்டால், அங்கேயே வாதாடாமல் விலகிவந்து மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தை அழையுங்கள். காலிமுகத்திடலில் குடைக்குள் உட்காரும் ஆண் பெண் சோடிகளையே நிம்மதியாக விடாத நாடு இது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கையை உதறியது உங்கள் உடல். 'ஒனக்கு அறிவில்லையா? இது கொழும்பு இல்ல' என்றது நீங்கள். அந்த நொடியில் ஊர் உங்கள் இருவருக்கும் எதிரே நிற்பதாக நினைத்தீர்கள். சொல்லி முடித்தபோது ஊரோடு சேர்ந்து நின்றுகொண்டு உங்கள் சிநேகிதிக்கு எதிரே பேசினீர்கள். அவருக்கு மணிக்கட்டை விட அதுதான் ஆழமாகக் கீறியிருக்கும் என்று நினைக்கிறேன். இரத்தம் வந்ததைக் கண்டும் நீங்கள் முன்னால் நடந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. கையை விட்டதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த முறையும் விடத்தான் நேரும், அப்போது உங்கள் மன்னிப்புக்கு மதிப்பில்லாமல் போகும்.

உங்கள் சிநேகிதியின் பக்கத்தையும் நான் யோசித்தேன். கேட்காமல், அதுவும் நீங்கள் டீச்சராக அறியப்பட்ட இடத்தில், கையைப் பிடித்தது அவருடைய கவனக்குறைவுதான். வேலை போனால் அவருக்கல்ல, உங்களுக்குப் போகும். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். மாதம் முழுவதும் புறக்கோட்டையில், முதலாளியிடமும் வாடிக்கையாளரிடமும் சிங்களத்தில் பேசி, பஸ்ஸில் போன் வந்தால் குரலைத் தாழ்த்தித் தமிழ் பேசி, 'தோட்டத்து ஆள்' என்ற பார்வையை வாங்கிக்கொண்டு வாழ்கிறார். அங்கே அவருடைய கை சுதந்திரமானது, நாக்குக்குக் காவல். இங்கே மேலே ஏறியதும் நாக்கு அவிழ்கிறது, சொந்த பாஷையில் சத்தமாகச் சிரிக்கலாம், அந்தச் சிரிப்பில் கையும் நீண்டுவிட்டது. அவர் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். நீங்களோ அதே இடத்தில்தான் மிக அதிகமாகக் கண்காணிக்கப்படுகிறீர்கள். நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் முழுமையாக மூச்சுவிட்டதே இல்லை. இதை அவரிடம் உங்கள் சொற்களில் சொல்லிப்பாருங்கள். 'மேல ஏறினா நீ வேற ஆளு' என்ற அவருடைய வேடிக்கைக்குள் ஒரு வருத்தம் இருந்ததை நீங்கள் ஆறு வருடமாகக் கேட்கவில்லை, கொழும்பில் அவர் குரல் தாழ்வதை நீங்கள் கவனித்தீர்களா என்பதும் எனக்குத் தெரியாது.

திருவிழாவில் எல்லோர் முன்னிலையிலும் கை பிடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அன்புக்குச் சாட்சியாக வேலையையும் வீட்டையும் பணயம் வைக்கும்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது, நானும் கேட்கமாட்டேன். வெளிப்படையாக வாழ்வது சிலருக்கு வாய்க்கிறது, அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதற்கு ஒரு சம்பளம், ஒரு வாசற்படி, நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்கும் இரண்டு பேராவது வேண்டும். உங்களிடம் இப்போது எது இருக்கிறது, எது இல்லை என்பதை நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதிலாக, விடுவதை மாற்றிப் பாருங்கள். இதுவரை உங்கள் கை திருட்டுத்தனமாக, சொல்லாமல், நழுவிப் போகிறது. அவருக்கு ஒவ்வொரு முறையும் அது கைவிடப்படுவது போலத்தான் இருக்கும். அடுத்த பயணத்தில், கினிகத்தேனைக்கு ஒரு வளைவு முன்பே, சால்வைக்குள் அவருடைய கையை ஒரு தடவை இறுக்கி அழுத்திவிட்டு, பிறகு விடுங்கள். என்ன அடையாளம் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யலாம், விரலை மடக்குவதோ, மணிக்கட்டைத் தொடுவதோ. அவசரத்தில் உதற நேர்ந்தாலும் அன்று இரவுக்குள் 'பயந்துவிட்டேன், உன்னைப் பார்த்து அல்ல' என்று சொல்லிவிடுவது என்று ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் சோடிகளில் சண்டைக்குக் காரணம் கையை விட்டதாக இருப்பதில்லை, பேசாமல் விட்டதாகவே இருக்கிறது. ஊரில் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டவற்றையும் வீணாக்காதீர்கள். அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்த்தித் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த அர்த்தத்தோடு, அவசரமில்லாமல். உலகம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இவையெல்லாம் போதும் என்று நான் சொல்லவில்லை. இவற்றால் பாரம் குறையும், போகாது. அதை இருவராக மட்டும் சுமப்பது நீண்ட காலத்துக்கு இயலாது. நம்பக்கூடிய மூன்றாவது ஆள் ஒருவர், அது கொழும்பில் இருந்தாலும் சரி, உங்களுக்கு வேண்டும். உளவளத்துணை நாடுவதானால் உங்கள் தோட்ட வைத்தியசாலையில் அல்லாமல் வேறு ஊரில் நாடுங்கள். தோட்டத்தில் இரகசியம், காலையில் வேலைக்கு எல்லோரும் கூடும் பெரட்டுக் களம் வரைதான் நிற்கும். தூக்கம் கெட்டு, உயிரோடிருப்பதே சுமையாகத் தோன்றும் இரவு வந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மாற முடியுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: மாற்ற வேண்டிய நோய் எதுவும் உங்களிடம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் டாக்டராக இருந்தாலும், கோடாங்கியாக இருந்தாலும், அவரிடம் போகாதீர்கள். அம்மா பார்க்கும் மாப்பிள்ளை விடயம் இதைவிடச் சிக்கலானது. அதை அவசரத்தில் அவரிடம் சொல்லி முடிக்க நினைக்காமல், தனியாக எனக்கு எழுதுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. நம் ஊரில் ஒருவர் இன்னொருவரிடம் 'சாப்பிட்டியா' என்று எதற்காகக் கேட்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணிக்கட்டில் கீறலோடு ஊரை விட்டுப் போனவர் மூன்று வாரமாக ஒவ்வொரு இரவும் அதைக் கேட்கிறார். இன்று 'ம்' என்று எழுதாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், ரொட்டியா சோறா, சம்பலில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள். பிறகு மணிக்கட்டு ஆறிவிட்டதா என்று கேளுங்கள்.